பத்துக்குப் பக்கத்தில் சகுந்தலா

“பத்துகிட்ட ஒக்காந்திருக்கேன்... தல சுத்துது...”

சகுந்தலாவின் குரலில் அவ்வளவுதான் கேட்டது. பிறகு கைப்பேசிக்குள் காற்று. காற்றுக்குப் பின்னால் மெல்லிய ஒரு சலசலப்பு. பிறகு அதுவும் இல்லை.

ஷா ஆலம் ஓரத்தில் இருக்கும் ஒரு காட்டுக் குன்றின் உச்சியில் நின்றுகொண்டிருந்தோம். மோகன், ஜெயம், நான். கீழே தொழிற்சாலைக் கூரைகள் தகடு தகடாக வெயிலில் மின்னின. மேற்கே, கிள்ளான் பக்கத்து வானம் மட்டும் ஈயம் பூசிய பாத்திரம் மாதிரி மங்கிக்கொண்டு வந்தது. காலை ஒன்பதரை மணிக்கு அந்த நிறம் வந்தால் பதினோரு மணிக்குள் மழை.

அந்தக் குன்றின் பாதை நெடுக மரங்களில் எண் எழுதிய சிறு தகடுகளை அறைந்திருப்பார்கள். அடிவாரத்தில் ஒன்று. உச்சியில் பன்னிரண்டு. ஆக, பத்து என்றால் எங்களுக்கு இரண்டு தகடு கீழே.

“அவ்வளவுதானே. பத்தாம் நம்பர்ல இருக்காங்க. இதோ, அஞ்சே நிமிஷம்” என்று மோகன் தண்ணீர்ப் புட்டியை மூடினார்.

என் முதுகில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது சகுந்தலாவின் பை. அதற்குள் அவளுடைய ரொட்டி, சர்க்கரை மிட்டாய், ரோஸ் சிரப் கலந்த தண்ணீர். காலையில் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தவள் அவள். நேரத்துக்கு வாயில் ஏதாவது போடாவிட்டால் கை நடுங்கும், வியர்க்கும், வார்த்தை குழறும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று எங்கள் நால்வருக்கும் தெரியும்.

ஏறும்போது அவளுக்குக் கனமாக இருக்கும் என்று அந்தப் பையை நான்தான் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பயந்தவள்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, பங்கோர் தீவுக்குப் போன படகு கவிழப் பார்த்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். ‘அம்மா, உங்களுக்கு வீடு வாசல் இல்லையா? மலை, ஆறு, தீவு என்று இந்த வயதில் இப்படி ஏன் ஓடுகிறீர்கள்?’

வீடு இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில், மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம். என் கணவர் போய் ஆறேழு வருடம் இருக்கும். போய் என்றால் வானத்துக்கு இல்லை, ஜொகூருக்கு. அங்கே அவருக்கு இன்னொரு சமையலறை அமைந்துவிட்டது. மகன் பினாங்கில். தீபாவளிக்கு வருவான், மறுநாள் மதியமே பெட்டியைக் கட்டுவான்.

திங்கள் முதல் சனி வரை பிரச்சினை இல்லை. பல் மருத்துவமனை முகப்பில் உட்கார்ந்து, வீங்கிய கன்னங்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பேன். ஞாயிறுதான். ஞாயிறு காலையில் அந்த வீட்டில் குளிர்பதனப் பெட்டி முனகும் சத்தம் இருக்கிறதே, அது மனித மொழி பேசத் தொடங்கிவிடும். என்னென்னவோ கேட்கும். அதற்குப் பதில் சொல்லச் சொல்ல, சூரியன் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளைக் கடந்து போய்விடும்.

அப்படி ஒரு ஞாயிற்றில்தான், இனி ஒரு ஞாயிறுகூட இதற்குள் உட்காருவதில்லை என்று முடிவு செய்தேன். விரதம் மாதிரி எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் தனியாகப் பத்துமலைப் படிகள் ஏறினேன். அங்கேதான், இருநூறாவது படி வாக்கில், மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள்.

“ஏய், என்ன அவசரம்? முருகன் எங்கயும் ஓடிட மாட்டாரு. செத்த ஒக்காரு.”

அவள் சகுந்தலா. கிள்ளான்காரி. நீதிமன்றத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழில் அழுதவர்களை மலாயில் நீதிபதி முன் நிறுத்தியவள். ‘அடிச்சேன்’ என்பதற்கும் ‘அடிச்சிட்டேன்’ என்பதற்கும் நடுவில் ஒருவனுடைய ஆறு மாதச் சிறை இருக்கிறது என்பாள்.

பிறகு அவள் வீட்டுப் பக்கத்தில் லோரி வைத்துத் தொழில் செய்யும் மோகன் சேர்ந்தார். என் அடுக்குமாடியில் கீழ்வீட்டு ஜெயம் சேர்ந்தார். யாழ்ப்பாணத்து வம்சம், வங்கியில் மேலாளராக இருந்தவர், எதற்கும் ‘ஆமாம்’ என்னாமல் ‘ஓம்’ என்பார். “ஓம்னு சொல்லாதீங்க பாஸ், சாமி கும்புட்ற மாதிரி இருக்கு” என்று மோகன் கேலி செய்வார்.

நால்வர் ஆனோம். போர்ட் டிக்சனில் வாடகை பங்களா. கேமரன் மலையில் பல் கிட்டித்த குளிர். கோலக் குபு ஆற்றில் ரப்பர் படகிலிருந்து ஜெயம் விழுந்து, மூக்குக் கண்ணாடி போய், அடுத்த இரண்டு நாளும் என்னை ‘சகுந்தலா’ என்றே கூப்பிட்ட விடுமுறை. பள்ளி விடுமுறை வந்தால் மோகன் தன் வேனைக் கழுவத் தொடங்கிவிடுவார். நாங்கள் காலுக்குச் சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

ஓடுகிறேன்தான், வாசகி அம்மா. நீங்கள் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். அந்த ஓட்டம் ஒருநாள் என்ன செய்தது என்பதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வால்

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கேமரனில் மோகன் ஒரு மணி நேரம் வழி தவறிப்போனபின் சகுந்தலா போட்ட சட்டம். காட்டுக்குள் போனால் ஒருவர் வால். வால் கடைசியில்தான் நடக்க வேண்டும். யாரையும் தாண்டக் கூடாது. முன்னால் போகிறவர் ஒண்ணுக்குப் போக நின்றால் வாலும் நிற்க வேண்டும். வாராவாரம் ஆள் மாறும்.

அந்த ஞாயிறு நான்தான் வால்.

எனக்கு அது தண்டனை. என் கால்களுக்கு மெதுவாக நடக்கத் தெரியாது. முன்னால் சகுந்தலா பத்தடி நடப்பாள், நிற்பாள், ஒரு செடியைப் பார்ப்பாள், “இது என்ன இல, தெரியுமா?” என்பாள். நான் பின்னால் நின்று பாதத்தை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் தகடு வரவில்லை இன்னும். தலைக்கு மேல் ஒரு சத்தம். பெரிய துணியை யாரோ ஓங்கி ஓங்கி உதறுகிற மாதிரி. அண்ணாந்து பார்த்தேன். இருவாட்சி! ஒன்று இல்லை, இரண்டு. கறுப்பு வெள்ளை இறக்கை, மஞ்சள் மூக்கு. இலைக் கூரையைக் கிழித்துக்கொண்டு மேலே போயின.

“சகு, இதோ பாத்துட்டு வந்துட்றேன். நீ மெல்ல வா.”

“நீ வாலு டீ.”

“அஞ்சு நிமிஷம்லா!”

ஓடினேன். அந்தப் பறவைகள் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவின. நானும் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு. வேர்களும் கற்களும் காலுக்குக் கீழே படிக்கட்டாக அமைந்து கொடுத்தன. நுரையீரலில் பச்சை வாசனை. என் வயது ஐம்பத்து மூன்று என்பதைக் காடு முழுசாக மறந்துவிட்டது. நின்று பார்த்தபோது பன்னிரண்டாம் தகடு என் எதிரில் இருந்தது.

மோகனும் ஜெயமும் அங்கே பாறையில் உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

“சகுக்கா எங்க?” என்றார் மோகன்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதிவிடுகிறேன்.

“பின்னாலயே வராங்க.”

பத்தாம் தகடு

இருபது நிமிடம் கழித்துத்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு. பின்னாலேயே வருகிறாள் என்று நான் சொல்லியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இவ்வளவு நேரத்தில் பத்தாம் தகட்டுக்கு வந்திருக்க மாட்டாளா? வந்திருப்பாள் என்று நானே நம்பினேன். எனக்கு அது தேவைப்பட்டது.

பத்தாம் தகட்டில் யாரும் இல்லை.

ஒரு மரம். அதில் ஒரு தகடு. தகட்டில் துருப்பிடித்த பத்து. பாதைக்கு இடப்பக்கம் சரிவு, ஈரமான இலைகள், கீழே மூங்கில் புதர்.

“தல சுத்துதுன்னு சொன்னாங்க...” என்றார் ஜெயம். மூன்று பேரும் அந்தச் சரிவைப் பார்த்தோம்.

“சகுக்கா! ஓ சகுக்கா!” என்று மோகன் கத்தினார். தடித்த உடம்பை வைத்துக்கொண்டு, மரவேரைப் பிடித்து, உட்கார்ந்தபடியே சரிவில் இறங்கினார். நான் சற்றுத் தள்ளி இறங்கினேன். மூங்கில் முள் கையைக் கிழித்தது. ஜெயம் மேலே நின்று மறுபடி மறுபடி எண்ணை அழுத்தினார். அவள் கைப்பேசி அணைந்துவிட்டிருந்தது.

அரை மணி நேரம். அதற்கு மேலும் இருக்கும். ஒரு குச்சி முறிந்தாலும் அவளோ என்று திரும்பினோம். முதுகில் அவள் பைக்குள் இருந்த புட்டி, ஒவ்வொரு அசைவுக்கும் ‘களுக் களுக்’ என்றது. அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. தூரத்தில் முதல் இடி உருண்டது.

அப்போது பாதையில் மலாய்க்காரர் ஒருவர் கீழிருந்து ஓடி வந்தார். காதில் பாட்டுக் கேட்கும் கருவி, வியர்வையில் நனைந்த சட்டை. எங்கள் கோலத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

யாரைத் தேடுகிறோம் என்று கேட்டார். ஜெயம் சொன்னார். அவர் முகம் தெளிந்தது. கையைக் கீழே, வெகு கீழே காட்டினார்.

“ஆடா மாச்சிக் சத்து. டூடோக் டெக்காட் பத்து பெசார்.”

ஒரு அம்மா இருக்கிறார், பெரிய கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றார் அவர். களைப்பாறுகிறார் என்று நினைத்து வணக்கம் சொல்லிவிட்டு வந்தாராம்.

பத்து பெசார். பெரிய கல்.

மலாய்க்காரர் வாயிலிருந்து வந்தபோதுதான் அந்தச் சொல் எனக்குக் கல்லாக விழுந்தது. நாலாம் தகட்டுக்குப் பக்கத்தில், ஓடை ஓரம், லோரி உயரத்துக்கு ஒரு பாறை உண்டு. சகுந்தலா தமிழில்தான் பேசினாள். நடுவில் ஒரே ஒரு சொல்லை மலாயில் போட்டாள், நாங்கள் எல்லோரும் நாள் முழுக்கப் போடுகிற மாதிரி. நாங்கள் அதைத் தமிழில் கேட்டோம். கைப்பேசியில் வந்த சலசலப்பு, ஓடை.

“அலாமாக்!” என்றார் மோகன், சரிவில் இருந்தபடியே.

நான் அதற்குள் பாதைக்கு ஏறி ஓடத் தொடங்கியிருந்தேன்.

கல்லோரம்

இந்த நாட்டில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு அந்தச் சொல் எப்போதுமே வழுக்கும். ஆறு வயதில் அப்பாவோடு தைப்பூசத்துக்குப் போய், பத்துமலை என்கிறார்களே, மீதி ஒன்பது மலை எங்கே என்று அழுதவள் நான். சாலையோர மைல் கல்லைப் பார்த்து மலாய்க்காரர் ‘பத்து’ என்றால், நம் ஆட்கள் ‘கட்டை’ என்பார்கள். மூனாங்கட்டை, ஆறாங்கட்டை என்று ஊர்களுக்கே பெயர். இரண்டு மொழியும் ஒரே வாயில் ஒரே பாயில் படுத்திருக்கும். எது புரண்டு எதன் மேல் விழுந்தது என்று தூக்கத்தில் தெரியாது.

இதெல்லாம் இப்போது யோசிப்பது. அன்று யோசிக்கவில்லை. ஒன்பது, எட்டு, ஏழு என்று தகடுகள் என்னைக் கடந்து மேலே ஓடின. இரண்டு முறை விழுந்தேன். எந்த முழங்கால் என்றுகூட நினைவில்லை.

பாறையின் மறுபக்கம், ஓடையைப் பார்த்தபடி, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் மெழுகு. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள். பார்வை என்னைத் தாண்டிப் போய், மெதுவாகத் திரும்பி வந்தது.

“யுவர் ஆனர்...” என்றாள்.

என்னை நீதிபதி என்று நினைத்துவிட்டாள்.

புட்டியைத் திறந்து அவள் வாயில் வைத்தேன். அவள் உதடு ஆடியது. சிவப்புத் தண்ணீர் தாடையில் வழிந்தது. “முழுங்கு சகு. முழுங்கு டீ. இன்னும் ஒரு வாய்.” முழுங்கினாள். இன்னொரு வாய். மிட்டாயை உறை பிரித்து நாக்கடியில் வைத்தேன். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓடைத் தண்ணீர் ஒரு இலையை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலை போனது. அடுத்த இலை வந்தது. அதுவும் போனது.

“வாசுகி” என்றாள் ஒரு வழியாக.

“ம்.”

“அஞ்சு நிமிஷம்னு சொன்ன.”

மழை அப்போதுதான் முதல் துளியைப் போட்டது.

கேட்ட கேள்விக்கு மட்டும்

மோகனும் ஜெயமும் வந்து சேர்ந்ததும் மூவருமாகத் தாங்கி அவளை இறக்கினோம். அடிவாரத்தில் ஒரு கிளினிக் இருந்தது. ரத்தம் பார்த்து, அரை மணி படுக்க வைத்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். சகுந்தலாவின் மகள் கவிதா கிள்ளானிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழுகையை முடித்துக்கொண்டு திட்டத் தொடங்கினாள்.

“எப்பவும் இப்படித்தான் அங்கிள் இவங்க. சொன்ன பேச்சே கேக்க மாட்டாங்க. சாப்பாட்டுப் பைகூட எடுத்துக்காம தனியா பின்னால நின்னுருக்காங்க பாருங்க!”

“ஆமாக்கா, பாதையோரமா ஒக்காராம, கல்லுக்குப் பின்னால ஏன்க்கா போனீங்க?” என்றார் மோகனும்.

“நெழலுக்கு” என்றாள் சகுந்தலா. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் என்று முப்பது வருடம் சாட்சிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். என்னை ஒரு முறை பார்த்தாள். அவ்வளவுதான். பிறகு தன் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்தாள்.

அவள் காட்டிக் கொடுக்க மாட்டாள் என்று தெரிந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் கதை அப்படியே நின்றுவிடும்: பிடிவாதக்காரக் கிழவி, காட்டில் பின்தங்கினாள், நண்பர்கள் காப்பாற்றினார்கள். அடுத்த ஞாயிறு நான் இன்னொரு மலை ஏறலாம். எவ்வளவு சுலபம்! மழை கிளினிக் கூரையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தது.

“கவிதா, பை என்கிட்ட இருந்துச்சு” என்றேன். “வாலு நான்தான். பறவ பாக்க ஓடிட்டேன். மேல போயி, பின்னாலயே வராங்கன்னு பொய் சொன்னேன். அதனாலதான் எல்லாரும் தப்பான எடத்துல தேடுனோம்.”

மோகன் தலையைத் தொங்கப்போட்டார். ஜெயம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

கவிதா என்னையே பார்த்தாள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்தவள் இல்லை அவள். பெரியவளான பின்தான் பழக்கம். ஆனால் அந்த ‘ஆன்டி’யில் இவ்வளவு நாளும் ஒரு வெல்லம் இருந்தது.

“எங்கம்மாவ விட்டுட்டு பறவ பாக்க போனீங்களா, ஆன்டி?”

வெல்லம் போயிருந்தது.

“ஆமா.”

அவள் தாயைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினாள். கார்க் கண்ணாடி ஏறியது. கார் போனது.

மூன்று ஞாயிறு

மோகனும் ஜெயமும் மறு வாரம் ஒரு அருவிக்குக் கூப்பிட்டார்கள். “நடந்தது நடந்துபோச்சுக்கா, வாங்க” என்றார் மோகன். “ஓம், வாரும் வாசுகி” என்றார் ஜெயம். போகவில்லை. வீட்டிலும் உட்காரவில்லை. அந்த விரதத்தை விட எனக்கு மனம் இல்லை.

கேஎல் சென்ட்ரலில் முதல் ரயிலைப் பிடித்துக் கிள்ளானில் இறங்கினேன். சகுந்தலாவின் வீட்டுக் கேட்டில், சப்பாத்து, தொப்பி, நடைக்கோல் சகிதம் நின்றேன். மணி ஏழு. கவிதா கதவைத் திறந்தாள். “அம்மா தூங்கறாங்க” என்றாள். உள்ளே சகுந்தலா இருமும் சத்தம் தெளிவாகக் கேட்டது. “சரிம்மா” என்று அரை மணி நின்றுவிட்டு ரயிலேறினேன்.

இரண்டாவது ஞாயிறும் அதே கேட். கவிதா வெளியே வரவில்லை. ஜன்னல் துணி அசைந்தது. எதிர்வீட்டு அங்கிள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி, “யாரத் தேடறீங்க? பெல் அடிங்கலா” என்றார். “தெரியும் அங்கிள், நிக்கத்தான் வந்தேன்” என்றேன். அவர் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நின்றுகொண்டே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. கால் கெஞ்சும். தெருமுனை வரை போய் வரலாமே என்று சொல்லும். போகவில்லை. தெருவில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார். வெயில் என் நிழலைக் கேட்டுக்குள் நீட்டிவைத்து, பிறகு மெல்ல உருவிக்கொண்டது.

மூன்றாவது ஞாயிறு தூறல். குடை இருந்தது, விரிக்கவில்லை; விரித்தால் பரிதாபத்துக்கு நிற்கிற மாதிரி இருக்கும் என்று ஒரு வீம்பு.

கதவு திறந்தது. சகுந்தலாதான். பூப்போட்ட கவுன், ஈரத் தலையில் துண்டு. இளைத்திருந்தாள். பின்னால் கவிதா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தடுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

சகுந்தலா கேட் வரை வந்தாள். திறக்கவில்லை. கம்பிகளுக்கு நடுவில் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சாட்சிக் கூண்டில் ஏறிய ஆளைப் பார்ப்பது மாதிரி.

“எத்தன வாரம் இப்படி நிப்ப?”

“நீ வர்ற வரைக்கும்.”

“மன்னிப்பு கேக்க வந்தியா, கூப்புட வந்தியா?”

“ரெண்டுக்கும்.”

“ரெண்டுல்லாம் கெடையாது. ஒன்னு சொல்லு. மன்னிப்புன்னா உள்ள வா, காப்பி குடிச்சிட்டு ரயிலுக்குப் போ. கூப்புட வந்தேன்னா வெளியவே நில்லு. சப்பாத்து போட்டுட்டு வரேன்.”

தூறல் வலுத்தது. கவிதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் வெளியிலேயே நின்றேன்.